ஆனேக்கல் பஸ்ஸில் மூன்று தலைகள்

எங்கள் பள்ளியில் ஒரு விதி உண்டு. ஆசிரியரின் பிள்ளை அங்கேயே படித்தால், அந்த ஆசிரியர் எடுக்கும் செக்ஷனில் அது இருக்கக் கூடாது. நியாயமான விதிதான். மற்றவர்களுக்கு நடந்தபோது நானும் மண்டையை ஆட்டியிருக்கிறேன். எனக்கு நடந்தபோதுதான் வயிறு எரிந்தது.

நான் சொல்லிக்கொடுப்பது டிசைன் அண்ட் டெக்னாலஜி. பிள்ளைகள் வாயில் அது டி.டி. நாலாம் வகுப்பில் தொடங்கும். அட்டை, மூங்கில் குச்சி, ரப்பர் பேண்ட், கத்தரிக்கோல், பசை. ஒரு பொருளை யோசித்து, வரைந்து, வெட்டி, ஒட்டி, அது வேலை செய்யாவிட்டால் ஏன் என்று பார்க்க வேண்டும். பாடம் அவ்வளவுதான். இதற்கு முன்னால் பெங்களூர் பீன்யாவில், மெஷின்களுக்கு அச்சு செய்யும் ஒரு டூல்ரூமில் ஆறு வருடம் டிராயிங் போட்டேன். மயிரிழை பிசகினாலும் மெஷின்காரனிடம் மல்லுக்கு நின்றவள் நான். கல்யாணமாகி ஹெப்பகோடிக்கு வந்ததும் பீன்யா ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. பக்கத்துப் பள்ளியில் கைவேலை தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மகளையும் எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டு நானும் சேர்ந்தேன்.

அவள் நாலாம் வகுப்புக்கு வருவதற்காக ஐந்து வருடம் காத்திருந்தேன். சலுகை காட்டமாட்டேன், கண்டிப்பாகத்தான் இருப்பேன். ஆனால் முப்பது பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவின் கை எப்படி வேலை செய்கிறது என்று அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க வேண்டும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், என் ஆசை அதுதான். அந்த வருடம் பார்த்து நாலாம் வகுப்பில் பிள்ளைகள் அதிகமானார்கள். டி.டி.க்கு இன்னொருத்தியை எடுத்தார்கள். ஏ செக்ஷன் எனக்கு, பி செக்ஷன் அவளுக்கு. என் மகளைப் பி செக்ஷனில் போட்டார்கள்.

“நீங்களே எடுத்தா மார்க் விஷயத்துல பேச்சு வரும் மேடம். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே?” என்றார் பிரின்சிபால்.

“ஆமா சார், கரெக்ட்தான்” என்று பல்லைக் காட்டிவிட்டு, பாத்ரூமுக்குப் போய் முகத்தை இரண்டு தடவை கழுவினேன்.

புதிதாக வந்தவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். தாத்தா காலத்திலேயே பெங்களூரில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். டிசைன் காலேஜில் படித்தவள். கைத்தறிப் புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. பென்சிலைக் கொண்டையில் செருகியிருப்பாள். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் என்னை, வந்த முதல் நாளே அக்கா என்றாள். கேட்க நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை.

என் வகுப்பில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்கும். பக்கத்து அறையில் சந்தை. தரையெல்லாம் அட்டைத் துண்டு, பசை, ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு டயர்கூடக் கிடந்தது. அவளும் தரையில் உட்கார்ந்திருப்பாள். “சும்மா பண்ணிப் பாருங்கப்பா, கெட்டா கெடட்டும்!” என்று அவள் சொல்வது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். கெட்டா கெடட்டுமாம்! டூல்ரூமில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அப்படிச் சொல்லிவிட்டு வேலையில் இருந்திருக்க முடியுமா? ஆனால் வராந்தாவில் நான் நடந்தால் பிள்ளைகள் ஒதுங்கி வழி விட்டார்கள், அவள் நடந்தால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். நான் பார்க்காத மாதிரி அட்டெண்டன்ஸைப் புரட்டுவேன்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வீட்டில்தான் தாங்கவில்லை.

“அம்மா, எங்க மிஸ் சொன்னாங்க, வரையறதுக்கு முன்னாடி அட்டைய கையில வச்சு வளைச்சுப் பாக்கணுமாம்.”

“அம்மா, எங்க மிஸ்ஸுக்குத் தப்பா பண்ணா கோவமே வராதும்மா. ‘அய்யோ, இது எப்படி உடைஞ்சுது, காட்டு காட்டு’ன்னு ஓடி வருவாங்க.”

எங்க மிஸ், எங்க மிஸ், எங்க மிஸ். சப்பாத்தி உருட்டும்போது, தலை பின்னும்போது, பல் தேய்க்கும்போது நுரையோடு கூட. ஒரு திங்கட்கிழமை காலையில் தன் குட்டைப் பின்னலில் பென்சிலைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். “கண்ணுல குத்திக்கப் போற, எடு” என்று பிடுங்கினேன். கண்ணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். “ஏன்டி, நானும் டி.டி. மிஸ்தானே?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, கணக்குக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள்: “நீ ஏ செக்ஷன் மிஸ்மா.”

வருடக் கடைசியில் கண்காட்சி வைப்போம். அதற்கு ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவளே நான்தான். பிள்ளைகள் வேலையில் பெரியவர்கள் கை பட்டிருந்தால் நான் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். ஒன்பது வயசுக் கை அட்டையை வெட்டினால் விளிம்பு லேசாகப் பிசிறும். அப்பாக்கள் கட்டரால் ஒரே இழுப்பாக இழுத்திருப்பார்கள். முந்தைய வருடம் ஒரு அப்பா, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், மகன் பெயரில் ஒரு தூக்குப்பாலத்தைக் கொண்டுவந்து வைத்தார். “ரொம்ப நல்லா இருக்கு சார். ஸ்டார் உங்களுக்குப் போடவா, பையனுக்குப் போடவா?” என்று கேட்டேன். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் இதையே சொல்லிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நோட்டீஸே எழுதி ஒட்டினேன்: பெரியவர்கள் கை பட்ட வேலை மேசைக்கு வராது, அலமாரிக்குப் போகும். இரண்டு செக்ஷனுக்கும் அதுதான்.

இந்த வருடம் பாடம் சுற்றுப் பெட்டி. ஒரு அட்டைப்பெட்டி. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் உள்ளே ஒரு குச்சி சுழலும், குச்சியில் கோத்த அட்டை வட்டுகளும் சுழலும். வட்டின் நடுவில் துளை போடாமல் சற்றுத் தள்ளிப் போட்டால், அது மேலே உட்கார்ந்திருக்கும் பொம்மையைத் தூக்கித் தூக்கி இறக்கும். என் செக்ஷனில் பெரும்பாலும் பட்டாம்பூச்சி, மீன், ராக்கெட். என் மகள் ஒரு பஸ் செய்திருந்தாள். ஆனேக்கல் பஸ். எங்கள் பள்ளி வாசலில் நின்று போகிற அதே நீல பஸ். ஜன்னலில் மூன்று தலைகள்: மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள், கண்டக்டர், தூங்கி வழிகிற ஒரு தாத்தா.

கண்காட்சிக்கு முந்தைய வாரக் கடைசியில், பெயிண்ட் அடிப்பதற்காக அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் மகளும் கீழ் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனார்கள். நான் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

வட்டா அது? எலி கடித்த மாதிரி இருந்தது. ஓர் இடத்தில் பள்ளம், ஓர் இடத்தில் முட்டு, ஓர் இடத்தில் வெடுக்கென்று படி. மூன்றும் மூன்று விதம். கைப்பிடியைச் சுற்றினால் தலைகள் தாறுமாறாகத் துள்ளின. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பாருங்கள், கெட்டா கெடட்டும் என்று நடத்தினால் இதுதான் வரும் என்று மனசு குதித்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. என் வயிற்றில் பிறந்தவள் செய்த வட்டா இது? நாளைக்கு நாலு பேர் பார்த்தால், டி.டி. மேடம் பொண்ணு என்று சொல்ல மாட்டார்களா?

காம்பஸை எடுத்தேன். கெட்டி அட்டையாகப் பார்த்து எடுத்தேன். மூன்று வட்டுகள், மூன்றும் ஒரே அளவு, மூன்றிலும் ஒரே தூரம் தள்ளி ஓரத் துளை. உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்தேன். டூல்ரூமை விட்டு வந்த பிறகு அப்படி ஒரு வேலை செய்யவில்லை. சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த ஒரு மணி நேரம் நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கைப்பிடியைச் சுற்றினேன். மூன்று தலைகளும் வெண்ணெயாய் ஏறி, வெண்ணெயாய் இறங்கின.

அதோடு விட்டேனா? இல்லை. பெற்றோர்கள் எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? விளிம்பில் இரண்டு இடத்தில் வேண்டுமென்றே பிசிறு வைத்தேன். பசையை விரலால் கொஞ்சம் இழுத்துவிட்டேன். அளவுக் கோட்டை அழித்துவிட்டு நடுங்கின மாதிரி மறுபடி போட்டேன். ஒன்பது வயசுக் கையின் கள்ளக் கையெழுத்தை அப்படியே போட்டேன். அந்த டிசைன் காலேஜ்காரி இதைச் சுற்றிப் பார்க்க வேண்டும், கண்டுபிடிக்க முடியாமல் திகைக்க வேண்டும், இந்தப் பிள்ளைக்கு இந்த நேர்த்தி எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். யோசித்தால் விடை பக்கத்து அறையில்தானே இருக்கிறது?

மகள் வந்தாள். கைப்பிடியைச் சுற்றினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு நிறுத்திவிட்டாள்.

“எப்படி இருக்கு?”

“சூப்பரா இருக்கும்மா.” பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, “பழைய வட்டெல்லாம் எங்க?”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

“ட்ரை வேஸ்ட்லயா, வெட் வேஸ்ட்லயா?”

“வெட்ல. ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

அந்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் என் அறைப் பக்கம் வரவில்லை. வழக்கமாக வந்து என் பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். டான்ஸ் ரிகர்சல் என்றாள். இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை கண்காட்சி. என் அறையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பட்டாம்பூச்சிகள் சிறகடித்தன, ராக்கெட்டுகள் ஏறி இறங்கின, பெற்றோர்கள் “நைஸ், வெரி நைஸ்” என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார்கள். பக்கத்து அறையிலிருந்து சிரிப்பு வந்தது. சும்மா சிரிப்பு இல்லை, பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அடங்கும், இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி கிளம்பும். என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

பதினொன்றரைக்குப் பிள்ளைகளை டான்ஸுக்காக மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். பெற்றோர்களும் பின்னாலேயே போனார்கள். நான் பி செக்ஷனுக்குள் நுழைந்தேன். அவள் மட்டும் தரையில் உட்கார்ந்து காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “வாங்க அக்கா” என்றாள். நான் நேராக மேசைக்குப் போனேன்.

பஸ் இருந்தது. நீல பெயிண்ட், மூக்குத்தி அம்மாள், கண்டக்டர், தாத்தா. கைப்பிடியைச் சுற்றினேன்.

மூக்குத்தி அம்மாள் எகிறினாள். தாத்தா தூக்கத்தில் சரிந்து, சடாரென்று துள்ளி, மறுபடி சரிந்தார். கண்டக்டர் இரண்டு சின்னக் குலுக்கல் குலுங்கினார், மூன்றாவதில் தலை கூரையில் இடித்தது. எங்கள் வாசலுக்கு முன்னால் இருக்கும் குழியையும் அதைத் தாண்டினதும் வரும், ஹம்ப்ஸ் என்று ஊரே சொல்லும் ஸ்பீட் பிரேக்கரையும் தினமும் பார்க்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, தொண்டையிலேயே பிடித்து நிறுத்தினேன்.

பின்பக்கம் திறந்து பார்த்தேன். என் வட்டுகள் இல்லை. புதிதாக வெட்டிய, பிசிறு பிசிறான, கோணல் வட்டுகள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பக்கத்தில் பென்சிலில் என் மகள் எழுதியிருந்தாள்: சின்னக் குழி, பெரிய குழி, ஹம்ப்ஸ். எலி ஒன்றும் கடிக்கவில்லை. ஒவ்வொன்றும் அளந்து வைத்த கோணல்.

அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? இப்படிப் படி வைத்து வெட்டினால் தலைகீழாகச் சுற்றும்போது சிக்கிக்கொள்ளும், அது எனக்குத் தெரியும். கைப்பிடியைத் தலைகீழாகச் சுற்றினேன். சிக்கியது. அப்பாடா என்று இருந்தது. பிறகுதான் கைப்பிடிக்குக் கீழே ஓர் அம்புக்குறியும் குட்டி எழுத்தும் கண்ணில் பட்டன: ‘இந்த பஸ் ரிவர்ஸ் போகாது.’

“நாங்க ரெண்டு வாரம் முன்னாடி ஸ்கூல் கேட் கிட்ட போய் நின்னு பார்த்தோம் அக்கா” என்றாள் அவள், தரையிலிருந்தபடியே. “பஸ் ஹம்ப்ஸ் ஏறும்போது முதல்ல யார் தலை எகிறுது, அப்புறம் யார்துன்னு. உங்க பொண்ணுதான் எல்லாம் எழுதி வச்சுக்கிட்டா.”

“அப்ப வீட்டுலேர்ந்து கொண்டுவந்தது?” என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். என் மூன்று வட்டுகள், குச்சியோடு, ஒரு டிஃபன் டப்பாவுக்குள் டிஷ்யூ பேப்பர் சுற்றி இருந்தன.

“நீ கண்டுபிடிச்சிட்டியா?”

“நானா? அய்யோ, எனக்குத் தெரியவே இல்ல அக்கா. சத்தியமா. அவளே வந்து குடுத்தா.” டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். “‘இது எங்க அம்மா செஞ்சது மிஸ், ரொம்ப நீட்டா இருக்கு. ஆனா என் பஸ்ல யாரும் இப்படி ஏறி எறங்க மாட்டாங்க. நான் லஞ்ச்ல உக்காந்து வேற பண்ணிக்கிறேன். எங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, பாவம்’னா. பத்திரமா வைக்கணும்னு டப்பாவும் அவதான் கொண்டுவந்தா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“ப்ராமிஸ் வாங்கிட்டா அக்கா. இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்க இதத் தேடிக்கிட்டுதானே வந்தீங்க?”

மாட்டிக்கொண்டதற்கு வெட்கப்பட்டேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். அது இல்லை. என் மகள் ஒரு ரகசியத்தைச் சொல்ல ஆள் தேடியபோது இவளிடம் போயிருக்கிறாள். அந்த ரகசியமே நான்தான். ஐந்து மத்தியானம் இவர்கள் இரண்டு பேரும் இந்தத் தரையில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாமல், என் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஐந்து மத்தியானத்தை நினைத்துத்தான் எனக்கு எரிந்தது.

டப்பாவை மூடிக் கொடுத்தாள். நான் வாங்கவில்லை. “அலமாரியிலேயே இருக்கட்டும். சட்டம் போட்டது நான்தானே” என்றேன். வாசல் வரை போய்த் திரும்பி, “நான் வந்து பார்த்தேன்னு அவகிட்ட சொல்லாத” என்றேன்.

“சொல்ல மாட்டேன் அக்கா.”

அவள் சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும். அதிலும் நல்லவளாக இருந்து தொலைத்தாள்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினோம். மகள் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஓசூர் ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்தது.

“அம்மா, நீ ஏன் எங்க கிளாஸுக்கு வரவே இல்ல?”

“எனக்குக் கூட்டம்டி. நகரவே முடியல. உன் பஸ் எப்படி, நல்லா ஓடிச்சா?”

“செம்மையா ஓடிச்சும்மா. நீ பண்ணிக் குடுத்த வட்டுதான். எல்லாரும் எவ்ளோ நீட்டா இருக்குன்னு சுத்திச் சுத்திப் பார்த்தாங்க.”

குரலில் ஒரு பிசிறு இல்லை. அவள் வெட்டிய எந்த அட்டையும் அவ்வளவு நேராக இருந்ததில்லை. நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை.

“உங்க மிஸ் பார்த்தாங்களா? என்ன சொன்னாங்க?”

முதுகில் சாய்ந்திருந்தவள் முகத்தை எடுத்தாள்.

“‘உங்க அம்மா அளவுக்கு எனக்கே வராது’ன்னாங்க.”

பச்சைப் பொய். அந்த வட்டுகள் மேசைக்கு வரவே இல்லை. ஆனால் இந்த ஒரு வருடமாக எந்த வாக்கியத்துக்காக நான் ஏங்கிச் செத்தேனோ அதே வாக்கியம், ஒரு சொல் கூடாமல் குறையாமல். நான் யாரிடமும் சொன்னதில்லை. சப்பாத்தி உருட்டும்போதும் தலை பின்னும்போதும் என் மூஞ்சியைப் பார்த்தே எடுத்து வைத்திருக்கிறாள்.

சிக்னல் பச்சை ஆயிற்று. பின்னால் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள்.

“என்ன சொன்னாங்க? சரியா கேக்கல” என்றேன். நன்றாகவே கேட்டிருந்தது.

அவள் என் தோளைப் பிடித்து எம்பி, காதருகே வாயை வைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக, அதையே மறுபடி சொன்னாள்.